வரி தவறாத திருடன்

அத்தியாயம் 5

இல்லாத ஆளுக்குப் பதினாலு மாதம் ஒழுங்காகச் சம்பளம் கொடுத்திருந்தது ரங்கா வால்வ்ஸ் கம்பெனி. இருக்கிற ஆட்களுக்கு ஏழாம் தேதிக்கு முன்னால் கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது.

இந்த அநியாயத்தைக் கேட்டதிலிருந்து கிரிதருக்கு வயிறு எரிந்தது. அவன் வேலை பார்க்கும் மஹிமா டிடெக்டிவ் ஏஜென்ஸியில் ஏழாம் தேதி என்பதெல்லாம் வெறும் ஆசை. கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடையின் மாடியில், பெருங்காய வாசனைக்கு நடுவே நடந்துவந்த அந்த ஏஜென்ஸிக்கு முக்கால்வாசி வருமானம் மாப்பிள்ளை விசாரிப்பதில் வந்தது. பையன் குடிப்பானா, சொல்கிற சம்பளம் நிஜமா என்று கண்டுபிடித்துச் சொன்னால் பெண்ணைப் பெற்றவர்கள் பணம் கொடுப்பார்கள். அவர்கள் கொடுத்தால் கிரிதருக்கும் கிடைக்கும்.

"பாஸ், நானும் இல்லாத ஆளா ஆயிடட்டுமா? அவங்களுக்குத்தான் சம்பளம் கரெக்டா வருது போல."

"வேலை நேரத்துல நீ இல்லாத ஆள்தானே. படியைப் பார்த்து ஏறு" என்றாள் மஹிமா.

மஹிமாவுக்கு முப்பத்தைந்து வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எட்டு வருஷம் இருந்து, எரியாத கடைக்குத் தீவிபத்துப் பணம் கேட்டவர்களையும், உயிரோடு இருக்கும் அண்ணனுக்கு டெத் சர்ட்டிஃபிகேட் கொண்டுவந்தவர்களையும் பார்த்துச் சலித்து வெளியே வந்தவள். பொய் சொல்கிறவர்கள் மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. சுமாரான பொய் சொன்னால்தான் வரும்.

அவர்கள் ஏறிய படி ரங்கா வால்வ்ஸின் ஆபீஸ் படி. பட்டறை ஹவுராவில், ஆபீஸ் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில். 2007 அக்டோபர், சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. துர்கா பூஜைக்கு இன்னும் பத்து நாள்தான். தெருவை அடைத்துப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். திருட்டு வெளிப்பட்டதும் அந்தப் பூஜையால்தான்.

பூஜைக்கு முன்னால் போனஸ் கொடுக்காமல் கொல்கத்தாவில் ஒரு முதலாளி தெருவில் நடந்துவிட முடியாது. கம்பெனி முதலாளி ரங்கராஜன் அதை ஒரு விழாவாகவே நடத்துவார். ஆபீஸ், பட்டறை எல்லோரையும் நிற்கவைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கவரும் ஒரு டப்பா சந்தேஷ் ஸ்வீட்டும் தன் கையால் கொடுத்து, ஒவ்வொருவர் முகத்திலும் நன்றி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். நேற்றும் அப்படித்தான் நடந்தது. கவர்கள் நாற்பத்து மூன்று. நன்றியுள்ள முகங்கள் நாற்பத்திரண்டு. கடைசிக் கவரில் 'அர்ஜுனன்' என்று இருந்தது. பியூன் மூன்று தடவை கத்திக் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. அப்படி ஒரு ஆளை யாரும் பார்த்ததும் இல்லை.

பார்க்காத அந்த அர்ஜுனனுக்கு மாதம் பதினெட்டாயிரம் ரூபாய் பேங்க்குக்குப் போயிருந்தது. அது யாருடைய கணக்கு என்று கேட்கலாமென்றால், சனிக்கிழமை அரை நாளோடு பேங்க் மூடியிருந்தது. மாதாமாதம் பேங்க்குக்குப் போகும் லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டவர் ரங்கராஜனேதான். பதினாலு தடவையும் படிக்காமல் போட்டிருந்தார். ஆகவே யார்மேலாவது கோபப்பட வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது.

அவர் கோபப்பட்டது விஜயலக்ஷ்மிமேல்.

விஜயலக்ஷ்மிக்கு இருபத்தைந்து வயது. டாலிகஞ்ச் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். கம்பெனியின் சம்பளக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போடுவது அவள் வேலை. மூன்று தடவை எழுதி ஒருவழியாக பேங்க் பரீட்சையில் பாஸ் பண்ணி, திங்கட்கிழமை காலை ஒரு அரசாங்க பேங்க்கில் சேர வேண்டியவள். சேருவதற்கு இங்கேயிருந்து விடுவிப்புக் கடிதம் வேண்டும், நல்ல நடத்தை என்று ஒரு வரியோடு. அந்தக் கடிதம் டைப் ஆகி, கையெழுத்தாகாமல், ரங்கராஜனின் மேஜைமேல் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் படபடத்துக்கொண்டிருந்தது.

"அவளுக்கு அஞ்சு மணி வரைக்கும் டயம் கொடுத்திருக்கேன்" என்றார் ரங்கராஜன். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஸ்ரீசூர்ணம். "ஒத்துண்டு எழுதிக் கொடுத்தா பணத்தைத் திருப்பி வாங்கிண்டு விட்டுடுவேன். இல்லேன்னா அஞ்சு மணிக்கு போலீஸ் வரது. போன் பண்ணியாச்சு. உங்களை நான் கண்டுபிடிக்கறதுக்காகக் கூப்பிடலே மஹிமா. கண்டுபிடிச்சாச்சு. ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தாப் போறும்."

"தாராளமா எழுதறேன் சார். யாருங்கற இடத்தை மட்டும் இப்போதைக்குக் காலியா விட்டுடறேன்."

"அவ யூசர் நேம்லதான் அந்த ஆளை கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும்தான் தெரியுமா?"

"அவளுக்கு மட்டும்தான்" என்றார் ரங்கராஜன் அழுத்தமாக.

அந்த அழுத்தத்தை மதித்து ஹாலுக்குப் போன கிரிதர் அங்கே பார்த்தது, மானிட்டரின் நெற்றியில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு சீட்டு. அதில் கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டு. பியூனுக்கு, டீ கொண்டுவருகிறவனுக்கு, வாரம் ஒருமுறை ஒட்டடை அடிக்க வருகிறவளுக்கு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

"ராணுவ ரகசியம்" என்றான் கிரிதர்.

"சாரோட ஆர்டர்தான் தாதா. நான் லீவ்ல இருந்தா வேலை நிக்கக் கூடாதாம்" என்றாள் விஜயலக்ஷ்மி. அந்த ஊரில் அண்ணன் தாதா, அக்கா தீதி. அழுது முடித்த முகம். இனிமேல் அழத் தெம்பில்லை என்பதால் அமைதியாக இருந்தாள்.

"நேத்திலேர்ந்து யாராவது இந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டாங்களா?" என்று கேட்டாள் மஹிமா.

"இல்லே தீதி. நேத்து கவர் மிஞ்சினதும் சார் இதை மூடிப் பூட்டிட்டார். இப்பதான் உங்களுக்காகத் திறந்தார்."

"சார்னா பெரியவரா?"

"மூடினது பெரியவர். சாவியை எப்படித் திருப்பணும்னு சொன்னது சின்னவர்."

சின்னவர் அந்த நேரம் பார்த்து வந்தார். சாய் கிருஷ்ணா, முப்பது வயது, ரங்கராஜனின் ஒரே மாப்பிள்ளை. சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தவன், எம்.பி.ஏ. பதினெட்டு மாதம் முன்னால் கல்யாணம் ஆன கையோடு மாமனாரின் தொழிலைப் பார்த்துக்கொள்ள வந்தவன். வந்த நாளிலிருந்து தொழிலைப் பார்த்தானோ இல்லையோ, எல்லோருடைய தப்பையும் பார்த்தான். ஆபீஸில் அவன் திருத்தாத ஆள் சாமி படம் ஒன்றுதான். அதையும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி மாட்டியிருந்தான்.

"நீங்கதான் அந்த டிடெக்டிவ்ஸா? ரெண்டு பேரும் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவங்களாமே" என்றான்.

"ஆமா சார், கல்கத்தாதான்" என்றான் கிரிதர்.

"அது நான் உங்க ஏஜென்ஸி போர்டுல இருக்கறதைச் சொன்னேன். இப்போ கொல்கத்தா. ஆறு வருஷமாச்சு. போர்டை மாத்தணும்."

"பெயின்டருக்குச் சம்பளம் கொடுத்ததும் மாத்திடுவோம் சார். எனக்கு அப்புறம் அவர்தான் க்யூல நிக்கறார்."

சாய் கிருஷ்ணா சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஹாலில் மாட்டியிருந்த கடிகாரம் நாலு நிமிஷம் ஸ்லோ என்று பியூனிடம் சொல்லிவிட்டு, உள்ளே போனான்.

மஹிமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "விஜி, அந்த அர்ஜுனனோட சம்பள ஸ்லிப்பைக் காட்டு. எனக்குக் கம்ப்யூட்டர் பாஷை வேண்டாம். குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

விஜயலக்ஷ்மி சொன்னாள். போன வருஷம்தான் சம்பளக் கணக்கையும் சேர்த்துப் போடும் புது சாஃப்ட்வேர் வாங்கினார்கள். அதில் ஒவ்வொருவருக்கும் என்ன கொடுக்க வேண்டும், என்ன பிடிக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவைக்க வேண்டும். பி.எஃப் ஒரு பிடித்தம். தொழில் வரி இன்னொன்று. இந்த மாநிலத்தில் சம்பளம் வாங்கும் எவனுக்கும் சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி முப்பது ரூபாய், நூற்றுப் பத்து ரூபாய் என்று மாநில அரசாங்கத்துக்காகப் பிடித்தாக வேண்டும். பி-டேக்ஸ் என்பார்கள். எந்தச் சம்பளத்துக்கு எவ்வளவு என்ற அட்டவணையை அவள்தான் உட்கார்ந்து, மூன்று நாள் கண் எரிய எரிய, சாஃப்ட்வேரில் ஏற்றினாள்.

"எனக்கு அந்த வரியை நீங்க பிடிச்சதே இல்லையே பாஸ்" என்றான் கிரிதர்.

"அட்டவணையோட முதல் வரியைப் படி. ரொம்பக் கம்மியா வாங்கறவங்களுக்கு வரி கிடையாது. உன் நல்லதுக்குத்தான் நான் சம்பளத்தை ஏத்தலை" என்றாள் மஹிமா. பிறகு மானிட்டர் பக்கம் குனிந்தாள். "இது என்ன?"

அர்ஜுனனின் ஸ்லிப்புகளை விஜயலக்ஷ்மி ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஆகஸ்ட், தொழில் வரி இல்லை. செப்டம்பர், ஒரே மொத்தமாகப் பெரிய தொகை. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை ஒன்றுமில்லை. மார்ச்சில் மறுபடி மொத்தமாக. பிறகு இந்த செப்டம்பரில். மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் மாதம் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்திருந்தது. இந்த ஒருத்தனுக்கு மட்டும் தனி அட்டவணை, தனி வழி.

"உன் அட்டவணையை இவனுக்கு ஏன் போடலை?"

"தெரியலை தீதி. அது அங்கேயே இருக்கு. ஒரு டிக் போட்டா போதும். யாரோ அதைத் திறந்தே பார்க்காம, இவனுக்குன்னு புதுசா ஒரு குரூப் உண்டாக்கி, புதுசா வரி எழுதியிருக்காங்க. தனி குரூப்ங்கறதால நான் பிரிண்ட் எடுக்கற பட்டறை லிஸ்ட்லயும் வரலே, ஆபீஸ் லிஸ்ட்லயும் வரலே. பேங்க் லிஸ்ட் என் கைக்கு வராது, நேரா சார் மேஜைக்குப் போயிடும். போனஸுக்குத்தான் முதல் தடவையா எல்லாரையும் ஒண்ணா எடுத்தேன்." அவள் ஒரு நீளமான நோட்டை எடுத்தாள். "ஆனா எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது. வரி கட்டற மொத்தத் தொகை மூணு மாசம் உதைச்சுது. கையால கூட்டினா ஒண்ணு வரது, கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்றது. பென்சில்ல கேள்விக்குறி போட்டு மேனேஜர் சார்கிட்ட காட்டினேன். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது, உன் கைதான் பண்ணும்னு சொல்லிட்டார். இப்போ அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துட்டுத்தான் பெரிய சார், 'உனக்கு முன்னாலேயே தெரிஞ்சிருக்கு'ங்கறார்."

ஒழுங்காக வேலை செய்ததற்குச் சாட்சியாக அவள் போட்ட மூன்று கேள்விக்குறி அவளையே மாட்டிவிட்டிருந்தது. கிரிதருக்கு ஜோக் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். நாலு நிமிஷம் ஸ்லோவாகவே மூன்றே முக்கால் ஆகிவிட்டது.

"ஒண்ணு சொல்லுங்க பாஸ். திருடற பய எதுக்கு அரசாங்கத்துக்கு வரி கட்டறான்?"

"வரி பிடிக்காத சம்பளம்னா ஆடிட்டர் கண்ல பட்டுடும். அதைவிட முக்கியம், இவன் எதையும் முறைப்படி செய்யற ஆளு. திருட்டையும்." மஹிமா எழுந்தாள். "மேனேஜர் எங்கே?"

மேனேஜர் வைத்தியநாதன் தன் அறையில் இரண்டாவது டீயும் மூன்றாவது பிஸ்கட்டுமாக இருந்தார். மயிலாப்பூர்க்காரர், ஐம்பத்தைந்து வயது. சென்னை கிளையை மூடியபோது இங்கே மாற்றலாகி மூன்று வருஷம் ஆகிறது. இந்த ஊர் தண்ணீர், இந்த ஊர் வெயில், இந்த ஊர் மீன் வாடை என்று வரிசையாகக் குறை சொல்லி முடித்ததும் மஹிமா மெதுவாகத் தொழில் வரி பற்றிக் கேட்டாள். அவருக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்துக்கொண்டது.

"அதை ஏம்மா கேக்கறேள்! எங்க மெட்ராஸ்ல கார்ப்பரேஷனுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. செப்டம்பர்ல ஒண்ணு, மார்ச்சுல ஒண்ணு. மனுஷன் மறந்தே போயிடுவான். இங்கே? மாசாமாசம்! மாசாமாசம் அட்டை மாதிரி உறிஞ்சறான்!"

கிரிதர் மஹிமாவின் முழங்கையை இடித்த இடியில் அவள் டீ சிந்தியது.

வெளியே வந்து, தெருமுனை டீக்கடையில் மண் குவளையோடு நின்றதும் அவன் துள்ளினான். "கேஸ் முடிஞ்சுது பாஸ்! செப்டம்பர், மார்ச்! மெட்ராஸ் வழக்கம்! மெட்ராஸ் ஆளு! கேள்விக்குறியைப் பார்த்ததும் 'உன் கைதான் தப்பு'ன்னு அமுக்கினதும் அவர்தான். நான் ஓடிப் போய் அவர் பிஸ்கட்டைப் பறிமுதல் பண்ணட்டுமா?"

"நில்லு. அவருக்கு இந்த ஊர்ல எப்படி வரி பிடிக்கறாங்க?"

"மாசாமாசம்."

"அது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? மூணு வருஷமா மாசாமாசம் அழறாரே..." கிரிதர் பாதியில் நிறுத்தினான். துள்ளலும் நின்றது.

"அழற ஆளுக்குத் தெரியும். தெரிஞ்ச ஆள் அர்ஜுனனுக்கும் மாசாமாசம்தான் போட்டிருப்பார்" என்றாள் மஹிமா. "நான் சொல்றதைச் செய். சம்பள ஸ்லிப் கொடுக்கும்போது ஒரு நோட்டுல எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்க. பியூன்கிட்ட இருக்கும். அதுல யார் யார் கையெழுத்து இல்லைன்னு பார்த்துட்டு வா."

கிரிதர் போன வேகத்தில் திரும்பி வந்தான். பியூனோடு பெங்காலியில் இரண்டு நிமிஷம் கால்பந்து பேசினால் போதும், நோட்டு என்ன, பீரோ சாவியே கிடைக்கும்.

"எல்லாரும் போட்டிருக்காங்க பாஸ். பியூன்கூட. போடாதது ரெண்டே பேர். ஒண்ணு பெரியவர், சொந்தக் கம்பெனி. இன்னொண்ணு..." அவன் குரல் இறங்கியது. "ஐயோ பாஸ், நம்ம பில்லுக்கு யார் பணம் கொடுப்பாங்க?"

"கிடைக்காது" என்றாள் மஹிமா. மண் குவளையை எறிந்துவிட்டு நடந்தாள்.

நாலரை மணிக்கு ரங்கராஜனின் அறையில் எல்லோரையும் கூட்டினாள். ரங்கராஜன் மேஜைக்குப் பின்னால். பக்கத்தில் சாய் கிருஷ்ணா. வைத்தியநாதன் பிஸ்கட் துகளோடு. விஜயலக்ஷ்மி சுவரோரமாக, அவள் பக்கத்தில் கிரிதர். மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் அவள் வாக்குமூலத்துக்காகத் தயாராக இருந்தன.

"ரிப்போர்ட் ரெடி சார், படிக்கறேன்" என்றாள் மஹிமா. "திருடினவர் ரொம்ப ஜாக்கிரதையான ஆள். ஆடிட்டருக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு அர்ஜுனன் பேருக்குத் தொழில் வரியும் கட்டியிருக்கார். பதினாலு மாசம், பதினாலு தடவை, ஒரு மாசம் தவறாம."

விஜயலக்ஷ்மி தலையை நிமிர்த்தினாள். "இல்லே தீதி..." என்று ஆரம்பித்தவளின் காலைக் கிரிதர் தன் செருப்பால் மிதித்தான்.

"பதினாலு தடவை!" என்று வைத்தியநாதன் உச்சுக்கொட்டினார். பிடித்தம் யாருக்கு நடந்தாலும் அவருக்கு வலித்தது.

ரங்கராஜன் தலையாட்டினார். மஹிமா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். சாய் கிருஷ்ணா நாற்காலியில் நெளிந்தான். பேனாவை எடுத்தான், வைத்தான். ஒரு தப்பு அவன் கண்முன்னால் திருத்தப்படாமல் உட்கார்ந்திருந்தது. அவனால் முடியவில்லை.

"பதினாலு இல்லை மேடம்" என்றான். "மூணு. ஹாஃப் இயர்லிதானே. செப்டம்பர், மார்ச், செப்டம்பர். ரிப்போர்ட்ல ஃபேக்ட்ஸ் கரெக்டா இருக்கணும்."

மஹிமா படிப்பதை நிறுத்தினாள்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள் மஹிமா. "அர்ஜுனனோட ஸ்லிப்பைப் பார்த்து இதைச் சொல்றீங்களா?"

"நான் எங்கே பார்த்தேன்? இது பொதுவான ரூல். எல்லாருக்கும் தெரியும்."

"மாப்பிளே" என்று ஆரம்பித்தார் வைத்தியநாதன், அவருக்கே உரிய வேதனையோடு. "ரூல் அங்கே. இங்கே மாசாமாசம். என் ஸ்லிப்பைப் பாருங்கோ, பியூன் ஸ்லிப்பைப் பாருங்கோ."

"மாசாமாசமா?" என்றான் சாய் கிருஷ்ணா. அந்த ஆச்சரியம் நிஜம். அந்த அறையில் அன்று கிரிதர் கேட்ட ஒரே கலப்படமில்லாத வார்த்தை அதுதான்.

"சார், ஸ்லிப்பைப் பார்த்துச் சொல்லியிருந்தா, பூட்டின கம்ப்யூட்டர்ல எப்படிப் பார்த்தீங்கன்னு கேட்பேன்" என்றாள் மஹிமா. "பார்க்காமச் சொன்னது இன்னும் மோசம். மெட்ராஸ்ல சம்பளம் வாங்கி, இங்கே சம்பளமே வாங்காத ஒருத்தர்தான் இந்த ஊர்லயும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு நினைச்சுக்கிட்டு இருக்க முடியும். இந்த ஆபீஸ்ல ஸ்லிப்புக்குக் கையெழுத்துப் போடாதவங்க ரெண்டு பேர். பெரியவர் மெட்ராஸ்ல ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை."

ரங்கராஜன் மாப்பிள்ளையைப் பார்த்தார். மறுப்பான் என்று பார்த்தார். சாய் கிருஷ்ணா எழுந்து நின்றான். முகம் சிவந்திருந்தது, ஆனால் வெட்கத்தால் இல்லை.

"நான் திருடலை. என் சம்பளத்தை எடுத்துண்டேன்."

"என்னது?"

"மெட்ராஸ்ல பதினெட்டாயிரம் வாங்கிண்டிருந்தேன். அதை விட்டுட்டு வா, எல்லாம் உனக்குத்தான்னேள். வந்தேன். வந்த நாள்லேர்ந்து ஒரு பைசா சம்பளம் கிடையாது. ஷூ வாங்கணும்னா உங்ககிட்ட வந்து நிக்கணும். எங்கம்மாவுக்குப் பணம் அனுப்பணும்னா, 'எவ்வளவு, எதுக்கு'ன்னு கேப்பேள். ரெண்டு தடவை கேட்டேன், எனக்கும் ஒரு சம்பளம் போடுங்கோன்னு. என்ன சொன்னேள்?"

"மாப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கறதாவது!" ரங்கராஜனுக்கு இப்போதும் அதிர்ச்சிதான். "வேலைக்காரனா நீ? ஊர் என்ன சொல்லும்?"

"அதான் வேலைக்காரனா ஒருத்தனை உண்டாக்கினேன். அதே பதினெட்டாயிரம். ஒரு ரூபாய்கூட ஏத்திக்கலை. அங்கே என்ன வரி பிடிச்சாளோ அதையும் பிடிச்சேன்."

கிரிதருக்கு ஒரு நிமிஷம் அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. சம்பளம் வராத வேதனை தெரிந்தவன் அவன். பிறகு பக்கத்தில் திரும்பி விஜயலக்ஷ்மியைப் பார்த்தான். பாவம் எல்லாம் வடிந்து, கோபம் கோபமாக வந்தது.

"எல்லாம் சரி சார். நேத்திலேர்ந்து இந்தப் பொண்ணை ஜெயிலுக்கு அனுப்பப் பேசிட்டிருக்காங்க. நீங்க கடிகாரம் ஸ்லோன்னு சொல்லிக்கிட்டு நின்னீங்களே!"

சாய் கிருஷ்ணா கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனிடம் திருத்தம் எதுவும் இல்லை.

ரங்கராஜன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டுத் திரும்பியபோது முகம் பழைய முதலாளி முகமாகியிருந்தது. "நடந்தது நடந்துபோச்சு. மஹிமா, ரிப்போர்ட்ல சாஃப்ட்வேர் தகராறுன்னு எழுதிடுங்கோ. போலீஸை நான் திருப்பி அனுப்பிடறேன். ஆடிட்டருக்கு ஒரு காகிதம் மட்டும் வேணும்." வெள்ளைத்தாளை விஜயலக்ஷ்மி பக்கம் தள்ளினார். "நீ எழுதிக் கொடும்மா. 'என் கவனக்குறைவால் ஒரு பேர் தவறுதலாக ஏறிவிட்டது.' அவ்வளவுதான். திருட்டுன்னு எழுதச் சொல்லலே பாரு. எழுதின கையோட உன் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

இவ்வளவு பெருந்தன்மையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கிரிதருக்குத் தெரியவில்லை.

"நான் தப்புப் பண்ணலை சார்" என்றாள் விஜயலக்ஷ்மி.

"தெரியும்மா. அதான் கவனக்குறைவுங்கறேன்."

"கணக்குல கவனக்குறைவுன்னு என் கையெழுத்தோட ஒரு காகிதம் இருந்தா, எந்த பேங்க்ல சார் என்னை வெச்சுப்பாங்க?"

"லெட்டரே இல்லேன்னா திங்கட்கிழமை உள்ளேயே விடமாட்டா. யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். அவள் கை பேனாவுக்குப் போவதைக் கிரிதர் பார்த்தான். மூன்று தடவை எழுதிய பரீட்சை, ரிட்டயர் ஆன அப்பா, திங்கட்கிழமை காலை பத்து மணி, எல்லாம் சேர்ந்து அந்தக் கையைத் தள்ளின. மஹிமா வாயைத் திறந்தாள்.

அதற்குள் சாத்திய கதவு திறந்தது. கடியாஹாட்டில் பூஜைப் புடவை வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் பைகளோடு நின்றாள் சுப்ரியா. ரங்கராஜனின் பெண், சாய் கிருஷ்ணாவின் மனைவி. எவ்வளவு நேரம் கதவுக்கு வெளியே நின்றாளோ, பைகளின் கயிறு விரல்களில் பதிந்திருந்தது.

"அந்தப் பேனாவை இப்படிக் கொடு விஜி" என்றாள்.

பைகளைத் தரையில் வைத்தாள். பேப்பர் வெயிட்டை நகர்த்திக் கடிதத்தை எடுத்து, நின்றபடியே முழுக்கப் படித்தாள். அந்தக் கம்பெனியில் ஒரு காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடப்போகும் முதல் ஆள் அவள்தான்.

"நீ என்னடி பண்றே? இங்கே கையெழுத்துப் போடறவன் நான்" என்றார் ரங்கராஜன்.

"நானும்தான்ப்பா. வருமான வரி குறையும்னு கல்யாணத்துக்கு முன்னாடியே என்னைப் பார்ட்னர் ஆக்கினியே. காட்டின இடத்துலயெல்லாம் போட்டேன். இன்னிக்கு நானா போடறேன்."

"அவன் உன் ஆத்துக்காரன்டி. இந்த லெட்டர் வெளியே போனா அந்தப் பழி எங்கே போய் நிக்கும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன்ப்பா. அதான் உள்ளே வர இவ்வளவு நேரமாச்சு" என்றாள் சுப்ரியா. கையெழுத்துப் போட்டாள். கம்பெனி சீலை எடுத்து ஊதி, அழுத்தி வைத்தாள். கடிதத்தை விஜயலக்ஷ்மியின் கையில் கொடுத்தாள். "திங்கட்கிழமை போய்ச் சேரு. உன்னை நிறுத்திவெச்சதுக்கு என்னை மன்னிச்சுடு."

விஜயலக்ஷ்மி கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வேண்டாத நேரத்தில் போலீஸ் சொன்ன நேரத்துக்கு வந்துவிடும். சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, நோட்டைத் திறந்து, சம்பளத்தில் திருடிய பெண் யார் என்று பெங்காலியில் கேட்டார்.

ரங்கராஜன் அவசரமாக முன்னால் வந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லே சார், கம்ப்யூட்டர் தகராறு..."

"அந்தப் பொண்ணு இங்கே வேலை பார்க்கலை. ரிலீவ் ஆயாச்சு" என்றாள் சுப்ரியா பெங்காலியில். "நான் இந்தக் கம்பெனியோட பார்ட்னர். புகார் என்னுது. உட்காருங்கோ."

சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். விஜயலக்ஷ்மி அவரைத் தாண்டி, கடிதத்தோடு, யாரும் தடுக்காமல் வெளியே போனாள். சாய் கிருஷ்ணா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். மஹிமா ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"யார் மேல புகார்? பேர் சொல்லுங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், பேனாவைத் தூக்கிப் பிடித்து.

அந்த வீட்டில் புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் கிடையாது. கல்யாணமான பதினெட்டு மாதமாகச் சுப்ரியாவுக்கு அவன் 'அவர்', 'இவர்', 'கேட்டேளா'தான். போனில் யாராவது கேட்டால்கூட 'ஆத்துல இல்லே' என்று முடித்துவிடுவாள். ரங்கராஜன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லமாட்டாள் என்று அவர் நம்பியது கிரிதருக்குத் தெரிந்தது.

சுப்ரியா நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு இனிஷியலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு எழுத்தாக, அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, புருஷனின் முழுப் பேரையும் சொன்னாள்.